'கருக்கு' காட்டும் பிள்ளைமை வடு

பிள்ளைமையைப் பாடுதற்கென்றே தமிழில் ஒரு சிற்றிலக்கிய வகை உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் குழவி காக்கவும் கொஞ்சவும் படுகிறது. சிற்றூர் ஒன்றில் அப்பிள்ளைமை புண்பட்ட வகையைக் கூறுவது, 1992இல் வெளிவந்த பாமாவின் தன்வரலாறாகிய 'கருக்கு'. அப்புண்ணின் காரணம் இல்லத்தில் உளதா, ஊரமைப்பில் உளதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மூன்றாம் வகுப்பில் பயிலும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்லக் கண்டு நகைக்கிறாள். நகைத்தபடியே அண்ணனிடமும் உரைக்கிறாள். தீண்டாமையே காரணமென அவன் விளக்கியபின் நகை வெகுளியாகிறது. கண்ட காட்சி ஒன்றே. அதன் பொருள் விளங்கிய பின்னரே அது புண்படுத்துகிறது. எனவே, வடுச் செய்தது காட்சியன்று. அதனை இயல்பெனக் கொண்ட ஊர்வழக்கே என்பது பெறப்படும்.

பள்ளி இதனினும் கொடிது. தென்னையில் ஓடியேறித் தொடும் விளையாட்டில் காய் ஒன்று விழுகிறது. மறுநாள் தலைமையாசிரியர் சாதியைச் சுட்டி அவளைத் திருடியென்று அனைவர் முன்னும் பழித்து வெளியேற்றுகிறார். பாதிரியாரின் கடிதம் பெற்றே அவள் மீள வேண்டியுள்ளது. அவரும் அவள் சேரியினள் என்பதையே முதற்கண் நோக்குகிறார். ஈண்டுக் குற்றம் செயலால் அன்றி, தெருவால் முடிவு செய்யப்படுகிறது.

இல்லம் அன்புடையதே. ஆயினும் பாட்டி, நிலக்கிழார் வீட்டில் உழைத்து மீந்த சோற்றைப் பெற்று வருபவள். அவர்களையே மகராசர் என்று போற்றுபவள். சோறு பிறர் கையில் இருக்குங்கால் அன்பு புண்ணை ஆற்றலாம், தடுத்தல் இயலாது. காரணம் ஊரமைப்பில் உளது என்பதற்கு இதுவே வலுவான சான்று.

நிகழ்ச்சிகள் காலமுறையில் நிரல்படாமல் மீண்டும் மீண்டும் வருதலைக் குறையென்று கொள்ளுதல் கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. வளர்ந்து துறவு மடம் புக்க பின்னும் அதே வேற்றுமையைக் காண்பவர்க்குப் பிள்ளைமை கழிந்த காலம் அன்று. ஆதலின் அம்முறையே நூற்பொருளுக்கு இயைந்தது.

விறகு பொறுக்கிய கையைக் கிழித்த பனங்கருக்கே நூலுக்குப் பெயராயிற்று. கருக்குக்கு இருபுறமும் கூர் உண்டு. இந்நூலைத் தனியொருவர் துயராக மட்டும் பயில்வோர் ஒருபுறத்தையே காண்பர். புண்படுத்திய அமைப்பை அறுக்க முனையும் மறுபுறத்தையும் காட்டுதல் திறனாய்வாளர் கடன் என்பது எம் துணிபு.