முதலாமாண்டு எழுத்தை யார் படிக்கிறார்கள்?

திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் குன்னத்தூர் வரும் சாயங்காலப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால், ஒப்படைவுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு திருத்துவது என் வழக்கம். முதலாமாண்டு வணிகவியல், கணினி அறிவியல் மாணவர்கள் பகுதி ஒன்று தமிழுக்காக எழுதித் தருபவை அவை. தலைப்புகள் பெரிதாக மாறுவதில்லை: பாரதியின் பெண் விடுதலை, சங்க இலக்கியத்தில் இயற்கை, திருக்குறளில் நட்பு. முன்பெல்லாம் ஒருவர் எழுதியதை ஐந்து பேர் பார்த்து எழுதுவார்கள். இப்போது கைப்பேசியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஒற்றுப்பிழைகூட இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை தலைப்பை மாற்றினேன். ‘எங்கள் வீட்டில் பார்க்கும் வேலை’ என்று கொடுத்து, ஒன்றரைப் பக்கம் போதும் என்றேன். வந்தவற்றுள் ஒன்றைப் பேருந்திலேயே இரண்டு தடவை படித்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்க்கும் அம்மாவைப் பற்றி மகள் எழுதியது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு எழுகிற அம்மா. கையில் டிரிம்மர், மடியில் பீஸ், நாள் முழுக்கப் பிசிர் வெட்டும் விரல்கள். வேலை முடிந்தும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு வருவதில்லை. கோயில் விசேஷத்தில் முன்னால் நின்ற யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கைத் தோளில் நூல் தொங்குவதைப் பார்த்து, தன்னையறியாமல் அம்மா அதைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்தப் பெண் திரும்பிச் சத்தம் போட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார். கட்டுரை அங்கே முடிந்திருந்தது. அடுத்த நாள் அதை எழுதிய மாணவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “இதையெல்லாம் எழுதலாமுங்களா சார்?”

எழுதலாம் என்றேன். பத்துக்கு ஒன்பது போட்டேன். ஆண்டு மலருக்குக் கொடுத்தும் பார்த்தேன். இடமில்லை என்று திரும்பி வந்தது. அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றியதும் தாள்களை மாணவர்களிடமே கொடுத்துவிட்டோம். நான் நகல் எடுத்து வைக்கவில்லை. அந்தக் கட்டுரை இப்போது எங்கும் இல்லை.

முதலாமாண்டு மாணவர்களின் நல்ல எழுத்தை நம் கல்வியுலகம் எப்படி அடையாளம் காண்கிறது என்று பார்க்கத் தொடங்கியது அந்த இழப்பிலிருந்துதான்.

முதலில், இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். பரிசுகளுக்குக் குறைவில்லை. தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சு என்று மாவட்ட அளவில் போட்டி நடத்தி 10,000, 7,000, 5,000 ரூபாய் என மூன்று பரிசுகள் தருகிறது. மாவட்டத்தில் வென்றவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தலைவர்களின் பிறந்தநாளையொட்டிய பேச்சுப் போட்டிகள் தனி. வாரக்கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாயிரம் ரூபாய் சாதாரணத் தொகை அல்ல. அதை வாங்கிப் பருவக் கட்டணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தலைப்பு போட்டி அன்றைக்குத்தான் தெரியும். குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்கவேண்டும். இதில் வெல்பவர் யார்? மேற்கோள்களை மனப்பாடமாக வைத்திருப்பவர், கையெழுத்து அழகாக இருப்பவர், ‘முன்னுரை’யும் ‘முடிவுரை’யும் மறக்காதவர். பரிசு பெற்ற கட்டுரை ஒன்றையாவது அச்சில் படித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

போட்டிக் கவிதைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ இதழ் வந்தபோது அது கல்லூரி வளாகங்களை உலுக்கியது. சிற்பி, புவியரசு, ஞானி, மு. மேத்தா, தமிழன்பன் என அந்த வட்டத்தில் இருந்தவர்களில் பலர் ஆசிரியர்கள். அவர்களிடமிருந்து புதுக்கவிதை நேராக மாணவர் விடுதிக்குப் போனது. 1972இல் வைரமுத்து தம் முதல் தொகுப்பான ‘வைகறை மேகங்க’ளை வெளியிட்டபோது அவரும் கல்லூரி மாணவர்தான். அந்த அலை கொங்கு நாட்டுக்குப் பெரிய கொடை, அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் கல்லூரிக் கவிதைப் போட்டி அதே குரலில்தான் பேசுகிறது. சமுதாயத்தை விளித்து, இளைஞனை எழுப்பி, விடியலை அழைத்து முடிகிற கவிதைக்கே கேடயம் கிடைக்கிறது. அன்றைக்கு அது புதிதாகக் கண்டெடுத்த குரல். இன்றைக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளை அதை இரவல் வாங்கிப் பேசும்போது, அந்தப் பிள்ளையின் சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாமலே போகிறது.

ஆண்டு மலர் இந்த இடத்தை நிரப்பியிருக்கவேண்டும். கல்லூரி மலர்களுக்கும், அவற்றுக்கும் முந்திய கையெழுத்துப் பத்திரிகைகளுக்கும் தமிழில் பெருமையான வரலாறு உண்டு. மு. கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோதே ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து ஏட்டை நடத்தியவர். இன்றைய மலரைப் புரட்டுங்கள்: தாளாளர் வாழ்த்து, முதல்வர் உரை, துறை அறிக்கைகள், தர வரிசை பெற்றவர்களின் படங்கள், என்.எஸ்.எஸ். முகாம் படங்கள். மாணவர் பக்கங்கள் கடைசியில் வரும். அவற்றிலும் பாதி, எங்கிருந்தோ எடுத்த பொன்மொழிகள்.

கல்லூரிக்கு வெளியே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. தமிழ் இதழியலின் பல பெயர்கள் அதிலிருந்து வந்தவை. அதன் நோக்கம் செய்தியாளரை உருவாக்குவது. அதை அது நன்றாகவே செய்கிறது. திருப்பூரில் தமிழ்ச் சங்கம் இலக்கிய விருதுகள் தருகிறது. சாயக்கழிவு பாழாக்கிய நொய்யல் கரை வாழ்க்கையைச் ‘சாயத்திரை’ நாவலாக்கிய சுப்ரபாரதிமணியன் ‘கனவு’ இதழை 1987 முதல் விடாமல் கொண்டுவந்திருக்கிறார். புத்தகத் திருவிழாவில் மாணவர்களுக்குப் போட்டிகள் உண்டு. சாகித்திய அகாதெமி 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011 முதல் யுவ புரஸ்கார் வழங்குகிறது. 2015இல் அதைப் பெற்ற வீரபாண்டியனின் ‘பருக்கை’, கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிப் படிக்கும் மாணவர்களைப் பற்றிய நாவல். படித்துக்கொண்டே உழைக்கும் பிள்ளையின் அனுபவம் இலக்கியமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த விருதுகள் எல்லாம் நூலாக வந்ததையே பார்க்கின்றன. பதினெட்டு வயதில் ஒன்றரைப் பக்கம் எழுதியவர், நூல் போடும் வயது வரைக்கும் எழுதிக்கொண்டே இருக்க யார் கை கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஒருவர் விடை கொடுத்திருக்கிறார். பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த காலத்தில், ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பு என்ற பெயரில் மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டிப் படிக்கவும் பேசவும் வைத்தார். அந்த வட்டத்திலிருந்து வந்த நூல்தான் ‘சாதியும் நானும்’. 2013இல் காலச்சுவடு வெளியிட்டது. 32 பேரின் அனுபவக் கட்டுரைகள். எழுதியவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் எதையும் அச்சில் பார்க்காதவர்கள். வீட்டுத் திண்ணையில், தோட்டத்துச் சாளையில், பள்ளிக்கூடத்தில், நண்பன் வீட்டுச் சமையலறை வாசலில் சாதி தமக்கு என்ன செய்தது, தாம் சாதியின் பெயரால் பிறருக்கு என்ன செய்தோம் என்று எழுதினார்கள். இரண்டாவது பகுதிதான் கடினமானது, அதையும் எழுதினார்கள். 2018இல் அம்பை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ‘பிளாக் காபி இன் எ கோகனட் ஷெல்’ என்ற பெயரில் அது கொங்கு நாட்டுக்கு வெளியே பெரிய வாசகர் கூட்டத்தை அடைந்தது.

இந்த நூலுக்காக யாரும் போட்டி வைக்கவில்லை. கேடயமோ நடுவர் குழுவோ இல்லை. நடந்ததெல்லாம் ஓர் ஆசிரியர் கேட்டார், அவர்கள் எழுதினார்கள், அவர் படித்தார், திருத்திக் கொடுத்தார், அச்சுக்குக் கொண்டுபோனார் என்பதுதான். அங்கீகாரம் என்ற சொல்லுக்கு இதைவிட நிறைவான பொருள் எனக்குத் தெரியவில்லை. எழுதியவர் எல்லாரும் முதலாமாண்டு மாணவர்கள் அல்லர். ஆனால் பாடத்துக்காக எழுதப் பழகிய ஒருவர் வாழ்க்கையிலிருந்து எழுதத் தொடங்கும் அந்தத் திருப்பம் எப்படி நேர்கிறது என்பதை அந்நூல் காட்டுகிறது. நம் ஊர்களில் அந்தத் திருப்பம் நேரவேண்டிய இடம் முதலாமாண்டுத் தமிழ் வகுப்புதான். அதற்குப் பிறகு வேலைவாய்ப்புப் பயிற்சியும் நேர்முகத் தேர்வும் வந்துவிடுகின்றன.

இலங்கைக்குப் போனால் இதற்கு முந்திய சான்று இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மாணவர் எழுத்துக்கு நீண்ட காலம் மேடையாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்கே படித்த மாணவர்கள் தம் சிறுகதைகளைத் தாங்களே தொகுத்து நூல்களாக்கினார்கள். ‘கதைப் பூங்கா’, ‘விண்ணும் மண்ணும்’, ‘காலத்தின் குரல்கள்’ என்று அவை வரிசையாக வந்தன. பின்னாளில் ஈழத்து இலக்கியத்தின் முக்கியப் பெயர்களான செங்கை ஆழியானும் செம்பியன் செல்வனும் அந்த மாணவர் கூட்டத்தில் இருந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு இருந்துவிட்டுப் போகும் பிள்ளைகள் ஒரு நாட்டின் சிறுகதை வரலாற்றில் அத்தியாயமாகிவிட்டார்கள்.

அமெரிக்காவில் முதலாமாண்டு எழுத்துக்கே தனி ஏற்பாடு உண்டு. ஹார்வர்டில் 1885இலேயே முதலாமாண்டு மாணவர்களுக்கென எழுத்துப் பாடம் வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ‘பூத் பரிசு’ என்று ஒன்றை முதலாமாண்டு எழுத்து வகுப்பின் சிறந்த கட்டுரைகளுக்கு வழங்குகிறது. நோத்ர தாம் பல்கலைக்கழகம் ‘ஃப்ரெஷ் ரைட்டிங்’ என்ற பெயரில் அந்த மாணவர்களின் எழுத்துகளை வெளியிடுகிறது. அவர்கள் பணமும் நூலகமும் நமக்கு இல்லை. அதை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு நுணுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே பரிசு பெறுவது, ஆசிரியரோடு பேசி, திரும்பத் திரும்பத் திருத்தி வகுப்புக்காக எழுதிய கட்டுரை. நாம் ஒரு மணி நேரத்தில் எழுதியதற்குப் பரிசு கொடுக்கிறோம். பருவம் முழுக்க வகுப்பில் எழுதியதை எடைக்குப் போகவிடுகிறோம்.

இப்போது வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருபவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். சிலர் கல்லூரி முடிந்து ஓவர்லாக் மிஷினிலோ பேக்கிங்கிலோ பாதி ஷிப்ட் பார்க்கிறார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இவர்கள் சிறு குழந்தைகள். வீட்டில் வருமானம் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். வகுப்பில் பக்கத்து இருக்கையில் வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளை தமிழ் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எருமைப் பாலும் ஊத்துக்குளி வெண்ணெயும் விசைத்தறிச் சத்தமும் ஏற்றுமதி ஆர்டரும் ஒரே தெருவில் கலந்துகிடக்கிற இந்த வாழ்க்கையை இவர்களைத் தவிர வேறு யார் எழுதமுடியும்? ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’யை எந்தக் கைப்பேசியும் எழுதிவிடும். ரவிக்கைத் தோளில் தொங்கிய நூலை அது பார்த்ததில்லை.

செய்யவேண்டியது பெரிய வேலை அல்ல. ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் ஆண்டுக்கு ஒருமுறை, முதலாமாண்டு மாணவர்கள் வகுப்பில் எழுதியவற்றில் பத்துக் கட்டுரைகளைத் தேர்ந்து, 48 பக்கத்தில் சிறு நூலாகக் கொண்டுவரலாம். எல்லாத் துறை மாணவர்களுக்கும் அதில் இடம் இருக்கவேண்டும். நல்ல எழுத்து தமிழ் இலக்கிய மாணவரிடம்தான் இருக்கும் என்பது நம் ஆசிரியர் அறையின் பழைய தப்பெண்ணம். வட்டார வழக்கைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கக்கூடாது. எழுதியவரோடு உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை திருத்தவேண்டும். வீட்டு விவகாரத்தையோ வேலை பார்க்கும் இடத்தையோ எழுதிய பிள்ளைக்கு அதனால் சங்கடம் வராதபடி பெயர்களை மாற்றவேண்டும், சம்மதம் கேட்டே அச்சிடவேண்டும். எழுதியவர் கையில் ஐந்து பிரதியாவது தரவேண்டும். அதில் ஒன்று நிச்சயம் அந்த அம்மாவிடம் போகும். அச்சுச் செலவுக்கு, கோயில் விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் தாராளமாகக் கொடுக்கும் நம் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

நூல் வரும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். தமிழாசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்தப் பருவத்து ஒப்படைவுகளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், உங்களை நிறுத்தி இரண்டாம் தடவை படிக்கவைத்த தாளை மட்டுமாவது ஒரு நகல் எடுத்து வையுங்கள்.