ஐந்து தோட்டாவும் ஒரு வெற்றறையும்

அமெரிக்காவில் பழைய மேற்குப் பகுதி உடையணிந்து எஃகு இலக்குகளைச் சுடும் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் போட்டியில், 1873-ஆம் ஆண்டின் கோல்ட் போன்ற ரிவால்வரின் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டுமே தோட்டா இடப்படுகிறது. தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்தியல் வெற்றறையின் மேல் இறக்கப்படுவதால், ரிவால்வர் தவறி விழுந்தாலும் வெடிப்பதில்லை. ஒன்றை இட்டு, ஒன்றை விட்டு, நான்கை இட்டபின் சுத்தியலை முழுதும் இழுத்து மெல்ல இறக்கினால், வெற்றறை அதன்கீழ் வந்து நிற்பது கைப்பழக்கத்தின் பேரழகு. குழல்வாய் இலக்குத் திசையை நடுவாகக் கொண்ட 170 பாகைக்குள் நிற்க வேண்டும் என்பதால், இடுப்பின் குறுக்கே அமைந்த உறையைப் பயன்படுத்துபவர், எடுக்கும்போதும் வைக்கும்போதும் உடலைச் சற்றே திருப்பிக்கொள்கிறார். நடனம் போன்ற அவ்வசைவே இவ்விளையாட்டின் தலைசிறந்த நளினம் எனலாம். சுத்தியல் இழுபட்ட ரிவால்வரை உறையில் இடுவது தகுதியிழப்புக்குரிய குற்றமாகும்.