துப்பாக்கிக்கு மட்டும் வாய்த்த சுதந்திரம்

2025 டிசம்பர் 14 அன்று சிட்னி பொண்டாய் கடற்கரையில் ஹனுக்கா விழாவுக்குக் கூடியிருந்தவர்களில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட இருவரில் மூத்தவர் லைசென்ஸ் வைத்திருந்தவர். அந்த மாதம் முடிவதற்குள் நியூ சவுத் வேல்ஸ் பாராளுமன்றம் ஒருவருக்கு 4 துப்பாக்கி, விவசாயி போன்றோருக்கு 10 என்று வரம்பு போட்டது. அரசு எல்லை மீறுகிறது, தனிமனித சுதந்திரம் பறிபோகிறது என்ற பழைய வாதம் மறுபடி கிளம்பிவிட்டது. நம் தமிழர் வீட்டு விருந்துகளிலும் இப்போது அது காதில் விழுகிறது.

வாதத்தில் சரக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நரியும் காட்டுப்பன்றியும் தொல்லை தரும் பண்ணையில் துப்பாக்கி ஒரு வேலைக் கருவி. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் அன்றைய பிரதமர் ஜோன் ஹவார்ட் கேட்டதும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை நட்டஈடு பெற்று ஒப்படைத்தவர்கள் துப்பாக்கி வைத்திருந்தவர்கள்தான். 2014இல் சிட்னி லிண்ட் கஃபேயில் பணயக்கைதிகளைப் பிடித்தவனுக்கோ லைசென்ஸே கிடையாது. எவனோ செய்ததற்கு எங்களையா சந்தேகிப்பது என்ற மனத்தாங்கல் நியாயம்தான்.

பல வருடமாக என் ஆட்சேபம் ஒன்றே. இந்த வாதம் செய்பவர்கள் சொல்லும் சுதந்திரம் துப்பாக்கி அலமாரியைத் தாண்டி வெளியே வருவதில்லை. அந்த டிசம்பர் சட்டத்தையே பாருங்கள். பயங்கரவாதத் தாக்குதல் என்று அறிவித்தபின் ஊர்வலங்களைத் தடுக்கும் அதிகாரமும் அதே சட்டத்தில்தான் வந்தது. என்னிடம் சுதந்திரம் பேசியவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

இந்த வாதத்தின் கூர்மையான குரல் முன்னாள் செனட்டர் டேவிட் லையன்ஹெல்ம். அவரைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. 2014இல் உளவுத்துறைக்கு அதிகாரம் கூட்டிய சட்டத்தை எதிர்த்தவர். அப்படிப்பட்டவர் 2015 ஆகஸ்டில் செய்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ஏழு தோட்டா கொள்ளும் அட்லர் ஷாட்கன்னின் இறக்குமதியை அன்றைய பிரதமர் அபட்டின் அரசு நிறுத்தியிருந்தது. ஓராண்டில் அந்தத் தடை தானாகவே காலாவதியாகும் என்ற உறுதியை லையன்ஹெல்ம் பேரம் பேசி வாங்கினார். பதிலுக்கு, ஒரு குடியேற்ற மசோதாவில் தொழிற்கட்சி கொண்டுவந்த திருத்தங்களை எதிர்த்து வாக்களித்தார். கைரேகை முதலிய உடல் அடையாளங்களை எடுக்கும் அரசின் அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா அது. ஷாட்கன்னுக்கு விலையாகப் பிறர் விரல்ரேகையைக் கொடுத்திருக்கிறார். மறு வருடம் அரசு தடையை நீட்டித்தபோது, வாக்குத் தவறிவிட்டார்கள் என்று பொங்கினார். தான் எந்தப் பேரமும் செய்யவில்லை என்றார், அதற்குள் பதவி இழந்திருந்த அபட். அப்போது பிரதமராக இருந்த டர்ன்புல் அவரைச் சபையிலேயே மறுத்துப் பேசினார். நாடே யார் சொல்வது பொய் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிய பொருளைப் பற்றி அவ்வளவு பேச்சு. கொடுத்த விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

(குடிமக்கள் கையில் ஆயுதம் இருந்தால் அரசு அஞ்சும் என்ற வாதத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லிப் பார்க்கலாம். ஊரெல்லாம் துவக்காக இருந்த காலத்தில் வெறுங்கையோடு இருந்த சனம் எல்லாருக்கும்தான் அஞ்சியது.)

அரசின் அத்துமீறலைக் கண்ணால் பார்க்க விரும்பியவர்கள் சிட்னியின் மேற்கே வில்லவுட் தடுப்பு முகாமுக்குப் போயிருக்கலாம். அகதி என்று அரசே ஏற்றுக்கொண்ட தமிழர்கள், உளவு அமைப்பான ஆசியோ தந்த பாதகமான மதிப்பீட்டால், குற்றச்சாட்டோ விசாரணையோ இல்லாமல் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அந்த மதிப்பீடு சரியா தவறா என்று மறுஆய்வு கேட்க அவர்களுக்கு ஒரு தீர்ப்பாயம் இருக்கவில்லை. துப்பாக்கி லைசென்ஸ் மறுக்கப்பட்டவருக்கு நியூ சவுத் வேல்ஸில் அன்று அது இருந்தது.