மோரிஸ் மைனரின் பிரேக் பெடல்

1948-இல் அறிமுகமான மோரிஸ் மைனர் காரில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்தவரை அந்த இடத்தால் பெரிய தொல்லை இல்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாட்டியதும் சிக்கல் தொடங்குகிறது. காலிப்பர் உயரத்திலும் சிலிண்டர் தாழ்விலும் இருப்பதால் பிரேக் எண்ணெய் பின்னோக்கி இறங்கிவிடும். முதல் மிதிக்குப் பெடல் ஆழமாகப் போகும், இரண்டாம் மிதிக்கு மேலேயே நிற்கும். குழாயில் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறு வால்வுதான் இதற்கு மருந்து. டிரம்முக்கான பழைய வால்வு அதைவிட அழுத்தம் கூடியது. அதை அப்படியே விட்டால் டிஸ்க் உரசிச் சூடேறும். அழகுக்காக டிஸ்க் மாட்டுவோர் மறப்பது இதைத்தான்.

மலேசியாவின் சுங்கை பூலோவிலுள்ள ஒரு பட்டறையில் கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்குமுன் காலால் சோதிப்பதே ரசிக்கத்தக்கது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. வெளியே கசிவில்லாமல் மெல்ல மெல்லத் தரையைத் தொட்டால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கும். பெரிய காலிப்பருக்குச் சிறிய சிலிண்டர் என்றால் பெடல் நெடுந்தூரம் இறங்கும். சிலிண்டரைப் பெரிதாக்கினால் தூரம் குறையும், கால் வலிக்க அழுத்த வேண்டிவரும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் எண்ணெய் நீரை உறிஞ்சி அதன் கொதிநிலை தாழும். அதனால் இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுவது நல்லது.