தொட்டியில் திமிங்கலம் கூடாதென்றால் யானை?

2006-இல் வந்த 'ஜூ டைகூன் 2: மரீன் மேனியா' கணினி விளையாட்டில் தொட்டி கட்டி, ஓர்க்கா திமிங்கலத்தை இறக்கி, வித்தை பழக்கிக் காட்சி நடத்தலாம், கல்லா நிரம்பும். 2019-இல் வந்த 'பிளானட் ஜூ' அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த ஆண்டு வந்த நீர்விலங்குத் தொகுப்பில்கூட சீல், நீர்நாய் உண்டு, டால்பினோ திமிங்கலமோ இல்லை. இடையில், தொட்டியில் அடைபட்ட ஓர்க்காக்களைப் பற்றிய 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் 2013-இல் வந்தது. 2016-இல் ஓர்க்கா காட்சி நடத்திவந்த சீவேர்ல்ட் நிறுவனமே ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்தியது.

விளையாட்டில் திமிங்கலம் வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. திரையில் நீந்தும் உயிருக்கு வலிக்காது. கடலைப் பார்க்கவே ராமேஸ்வரமோ திருச்செந்தூரோ போகவேண்டிய போடிநாயக்கனூர்ப் பிள்ளைக்குத் திமிங்கலத்தின் உடலளவு அங்கேதான் முதலில் பிடிபடும்.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. தண்ணீர் சுத்தம், தீனி, துணை மூன்றும் சரியென்றால் விலங்கு மகிழ்ச்சி என்று விளையாட்டு காட்டிவிடும். நிஜத்தில் அப்படியில்லை. 1990-களின் இறுதியில் பல்கேரியாவிலிருந்து சென்னை அருகே காட்சிக்குக் கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களில் செத்தன. 2013 மே மாதம் மத்திய அரசு டால்பின் காட்சியகங்களுக்கே அனுமதியில்லை என்றது. ஆகவே 'பிளானட் ஜூ' தயாரித்தவர்கள் திமிங்கலத்தை விலக்கியது சரி என்றே சொல்வேன். (கண்டனத்துக்குப் பயந்தார்களோ, மனம் மாறினார்களோ, யார் கண்டது?)

ஆனால் அதே 'பிளானட் ஜூ'வில் இந்திய யானை இருக்கிறது, வேலிக்குள். டால்பினுக்கு முன்பே, 2009 நவம்பரில், மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பூங்கா யானைகளை வன முகாம்களுக்கு மாற்றச் சொல்லிவிட்டது. நெடுந்தூரம் நடக்கும் விலங்கை வேலிக்குள் வைக்க முடியாது என்பதுதான் காரணம். திமிங்கலத்துக்குச் சொல்லும் வாதமும் அதுவே.

போடிமெட்டு ஏறினால் ஏலத்தோட்டங்களைத் தாண்டி வரும் சின்னக்கானலில் இது ஏட்டு வாதமில்லை. பன்னியார் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துப் பழக்கிக் கும்கியாக்க, எர்ணாகுளம் பக்கத்துக் கோடநாட்டில் மரக்கூண்டு தயாரானது. கேரள உயர் நீதிமன்றம் அடைத்துவைக்க ஒப்பவில்லை. 2023 ஏப்ரல் இறுதியில் நான்கு கும்கிகளை வைத்துப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 27-இல் கம்பம் தெருக்களில் ஓடியது. 144 தடையுத்தரவு போட்டார்கள். ஜூன் 5-இல் மறுபடி மயக்க ஊசி, லாரி. இம்முறை களக்காடு முண்டந்துறை.

அடைத்தாலும் தவறு, விட்டாலும் தலைவலி. இந்தச் சங்கடத்தை எந்த விளையாட்டும் காட்டுவதில்லை. திமிங்கலத்தைச் சேர்ப்பதானால் மீட்கப்பட்ட விலங்காகச் சேர்க்கட்டும். எத்தனை பெரிய தொட்டி கட்டினாலும் மகிழ்ச்சிக் கோடு பாதிக்கு மேல் ஏறாதபடி வைக்கட்டும். கடலில் விட்டால் திரும்பிவந்து ஆட்டக்காரரைப் படாதபாடு படுத்தட்டும். யானைக்கும் அதே விதி. விற்குமா என்பது கம்பெனியின் கவலை.