கம்பளக் கறையும் ஒரு சிறு உறிஞ்சியும்

அமெரிக்க வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டிப் பதிக்கப்படும் கம்பளத்தைச் சுருட்டி வெயிலில் போட வழியில்லை என்பதால், நாய் எடுத்த வாந்தியோ குழந்தை கவிழ்த்த பாலோ விழுந்த இடத்திலேயே நீக்கப்பட வேண்டியிருக்கிறது. 1876இல் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் கம்பளம் பெருக்கும் கைக்கருவியோடு தொழில் தொடங்கிய பிஸ்ஸெல் நிறுவனத்தின் ‘லிட்டில் கிரீன்’, இதற்கென்றே அமைந்த சிறு இயந்திரம். ஈரம் புகுந்தால் பழுதாகும் சாதாரண வாக்யூம் கிளீனரைப் போலன்றி, இது ஒரு தொட்டியிலிருந்து சோப்புநீரைப் பீய்ச்சி, அழுக்கோடு அதைத் திரும்ப உறிஞ்சி மற்றொரு தொட்டியில் சேர்க்கிறது.

கெட்டியாகக் கிடப்பதை முதலில் கரண்டியால் வழித்தெடுக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு விசையை அழுத்தி நீர் பீய்ச்சி, கறை பரவாதபடி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தூரிகையால் தேய்த்து, விசையை விட்டுக் கைப்பிடியை மெல்லப் பின்னிழுத்தால், முனையின் ஒளிபுகும் பிளாஸ்டிக்கினூடே பழுப்பு நீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. அந்நீர் தெளியும்வரை இழுப்பதே சரியான அளவு. பலரும் பிழை செய்வது இங்கேதான்: விளம்பரங்களில் பீய்ச்சுவதே கண்ணைக் கவர்ந்தாலும், கறையை எடுப்பது உறிஞ்சலே. மிகுதியாக விட்ட நீர், இழைகளைத் தாண்டி அடித்துணிக்கும் அதன் கீழுள்ள நுரைமெத்தைக்கும் இறங்கி, மேற்பகுதி உலர உலர, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்புழை ஈர்ப்பால் கறையைச் சுமந்து மேலே வருவதால், நீங்கியதாக நினைத்த கறை மறுநாள் மீண்டும் தலைகாட்டுகிறது. ஒரு முறை பீய்ச்சினால் நான்கைந்து முறை உறிஞ்சுவதும், பின்னர் மின்விசிறியை ஓடவிடுவதும் இதற்குத் தக்க பரிகாரம்.

நீரைச் சூடாக்கும் அமைப்பு இதன் சாதாரண மாதிரியில் இல்லையென்பது பெரிய குறையன்று. பால், முட்டை, இரத்தம் ஆகியவற்றிலுள்ள புரதம் வெந்நீர் பட்டால் உறைந்து இழையைப் பற்றிக்கொள்ளுமாதலால், அவற்றுக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. பூனைச் சிறுநீரிடம்தான் இயந்திரம் தோற்கிறது. அதிலுள்ள யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது. அதைச் சிதைக்கும் நொதி, அதாவது வேதிவினையைத் தூண்டும் புரதம், கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிட்ட பிறகே உறிஞ்ச வேண்டும்.

வேலை முடிந்ததும் நல்ல நீரை உறிஞ்சவிட்டுக் குழாயை அலசி, தொட்டியைக் கழுவிக் கவிழ்க்காவிட்டால் இயந்திரமே நாறத் தொடங்கும் என்பது சலிப்பூட்டும் உண்மை. பதித்த கம்பளமும் வளர்ப்பு விலங்கும் உள்ள வீட்டுக்கு இது வாங்கத்தக்கது. எடுத்து அலசக்கூடிய சிறு விரிப்புகள் மட்டுமே உள்ள வீட்டுக்குத் தேவையில்லை.