கணித ஆசிரியர் பயிற்சி: லிப்பிங் மா நூலும் நம் பி.எட். படிப்பும்

அதிகம் படித்துப் பட்டம் பெற்றவரே நன்றாகக் கணக்குச் சொல்லித் தருவார் என்பது பொதுவான நம்பிக்கை. அதைக் கேள்விக்கு உள்ளாக்கியது, லிப்பிங் மா 1999-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தொடக்கநிலைக் கணிதத்தை அறிதலும் கற்பித்தலும்' என்ற நூல். 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் அது ஒப்பிடுகிறது.

ஒரு கணக்கு

1¾ ÷ ½ என்பதன் விடையைக் கண்டு, அதற்குப் பொருந்தும் கதைக்கணக்கு ஒன்றையும் அமைக்க வேண்டும். செய்ய முயன்ற 21 அமெரிக்கர்களில் 9 பேரே முழுமையாகச் சரியான விடை கண்டனர். சீனர் 72 பேரும் சரியாகச் செய்தனர். பொருத்தமான கதைக்கணக்கை அமைத்தவர்கள் அமெரிக்கரில் ஒருவர், சீனரில் 65 பேர். அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதோடு குழப்பிக்கொண்டதே அமெரிக்கரிடம் அதிகம் காணப்பட்ட பிழை.

காசிமேட்டு மீனை வைத்து இதைச் சொல்லலாம். 1¾ கிலோ மீனை அரைக் கிலோ பைகளாகக் கட்டினால் மூன்றரைப் பை வரும். அதையே இருவர் பங்கிட்டால் ஆளுக்கு முக்காலே அரைக்கால் கிலோ, அதாவது 875 கிராம். முதலாவது அரையால் வகுத்தல். இரண்டாவது இரண்டால் வகுத்தல்.

பயிற்சியில் வேறுபாடு

அமெரிக்கர்கள் பட்டதாரிகள். சீனர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் பணியில் சேர்ந்தபின் சக ஆசிரியர்களுடன் அமர்ந்து பாடநூலை வரிவரியாக ஆராய்கிறார்கள். ஜப்பானின் 'பாட ஆய்வு' முறையும் இதற்கு நெருக்கமானது: ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பார்த்து, கூடிப் பேசித் திருத்துவார்கள்.

நமது நிலை

நான் படித்தபோது பி.எட். ஓராண்டு, 2015 முதல் ஈராண்டு. உளவியலும் கற்பித்தல் முறைகளும் படித்தோம், பாடக்குறிப்பு ஏடுகளை நிரப்பினோம். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பின்னர் திருவொற்றியூரில் ஒரு மாணவன், "வகுத்தா குறையணுமே சார், ஏன் கூடுது?" என்றான். "விதி அப்படி" என்றுதான் சொன்னேன். அது விடையல்ல.

மதிப்பீடு

நூலின் எல்லைகளும் தெளிவானவை. இவ்வளவு சிறிய மாதிரியைக் கொண்டு ஒரு நாட்டையே எடைபோட முடியாது. சீனத் தொடக்கப்பள்ளிகளில் கணக்குக்கெனத் தனி ஆசிரியர் இருப்பது வழக்கம். நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். 17 நாடுகள் பங்கேற்ற 2008-ஆம் ஆண்டின் கணித ஆசிரியர் கல்வி ஒப்பாய்வில் இந்தியா இடம்பெறவில்லை.

எனினும் நூலின் மையக்கருத்து நமக்கும் பொருந்தும். பயிற்சி ஆண்டுகளைக் கூட்டினால் மட்டும் போதாது. பள்ளிக் கணக்கையே ஆசிரியர்கள் மறுபடி கூடிப் படிக்க வாரம் ஒரு மணி நேரமாவது வேண்டும்.